திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

ஏப்ரல் 9, 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

"திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டிருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தூரம் 184 கிலோமீட்டர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. நேரம் மட்டும் ஒரு தளத்தில் 22 நிமிடம், இன்னொன்றில் 44 நிமிடம், டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எது சரி? அம்மாவுக்கு நீரிழிவு. எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் போதும்."

ஏப்ரல் 9, இரவு

மூன்றும் சரிதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு சங்கதியை அளக்கிறது.

22 நிமிடம் என்பது தூரத்தை விமானத்தின் முழு வேகத்தால் வகுத்த கணக்கு. தரையில் ஊர்வதும் இல்லை, ஏறுவதும் இறங்குவதும் இல்லை. 44 நிமிடம் என்று சொல்லும் தளங்கள் ஜெட் வேகம் ஒன்றை வைத்து வகுத்துவிட்டு, மேலே அரை மணி நேரத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன. லண்டனோ, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியோ, எந்த ஊருக்கும் அதே அரை மணிதான். டிக்கெட்டில் இருப்பது, நின்ற இடத்திலிருந்து விமானம் அசைவது முதல் அடுத்த நிலையத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரை உள்ள நேரம். அதில் நிறுவனம் கொஞ்சம் தாராளமும் சேர்த்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த மூன்றையும் அல்ல. அதை நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 10

முதலில் 184 எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இதைக் கையால் போடலாம், எந்தத் தளமும் வேண்டாம்.

திருச்சி நிலையம் வடக்கு 10 பாகை 46 கலை, கிழக்கு 78 பாகை 43 கலை (பாகை என்பது டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை). பலாலி வடக்கு 9 பாகை 47 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை. வடக்கு தெற்காக 59 கலை வித்தியாசம். ஒரு கலை அட்சரேகை என்பது ஒரு கடல் மைல், ஆகவே 59 கடல் மைல். கிழக்கு மேற்காக 81 கலை. நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் அது கொஞ்சம் சுருங்கும், 0.984 ஆல் பெருக்கினால் 80 கடல் மைலுக்கு ஒரு நூல் குறைவு. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 99 கடல் மைல் சொச்சம். 1.852 ஆல் பெருக்குங்கள், 184 கிலோமீட்டர்.

பள்ளிக்கூடத்தில் படித்த பைதாகரஸ்தான். இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பூமியின் வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒன்று கிளறும். அதே முறையில் பலாலியிலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 290 கிலோமீட்டர் வரும். திருச்சியிலிருந்து சென்னைக்கும் கிட்டத்தட்ட அதே 290தான். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பை விடத் திருச்சி பக்கம். திருச்சிக்குச் சென்னையை விட யாழ்ப்பாணம் பக்கம். வரைபடம் எப்போதும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 10, பின்னேரம்

வழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நேர்கோடு போட்டால் தஞ்சாவூருக்குத் தெற்கே, பட்டுக்கோட்டையை இடப்பக்கம் விட்டு, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கரையைத் தாண்டும். அதற்கப்புறம் பாக்கு நீரிணை, ஏறக்குறைய 95 கிலோமீட்டர். பயணத்தில் பாதி கடல்.

விமானம் இந்தக் கோட்டிலேயே போகும் என்று சொல்ல முடியாது. நடுக்கடலில் சென்னை விமானக் கட்டுப்பாட்டு எல்லை முடிந்து கொழும்பு எல்லை தொடங்குகிறது. ஒரு பக்கம் கைவிட்டு இன்னொரு பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கென்று குறித்த இடங்கள் உண்டு. பத்து இருபது கிலோமீட்டர் கூடினால் இரண்டு மூன்று நிமிடம்.

ஏப்ரல் 13

"ஜெட் விட்டால் பாதி நேரத்தில் போகலாமே, ஏன் இந்த விசிறி விமானம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலரும் இதைக் கேட்கிறார்கள், சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்த வழியில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். முழு வேகம் மணிக்கு 275 கடல் மைல் அளவில், அதாவது 510 கிலோமீட்டர். பெரிய ஜெட் உயரே போனால் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆனால் அந்த உயரத்துக்குப் போய்ச் சேருவதற்கே அதற்கு நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் வேண்டும். இறங்குவதற்கும் அதே அளவு வேண்டும். 184 கிலோமீட்டரில் அது ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். போதாததற்குப் பத்தாயிரம் அடிக்குக் கீழே எல்லாரும் மணிக்கு 250 கடல் மைல் வேகத்துக்குள்தான் பறக்க வேண்டும். ஜெட்டுக்கு வேகம் இருந்தும் அதைக் காட்ட இடம் இல்லை.

ஜெட் விட்டால் மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம். எரிபொருளோ பல மடங்கு. எழுபத்துச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு இந்தத் தூரம் போக ஏ.டி.ஆர். போலப் பொருத்தமான விமானம் கிடையாது. விசிறியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த விசிறியைச் சுற்றுவதும் ஜெட் எந்திரம்தான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள்.

"இரு நாட்டு நேரமும் ஒன்றா?" ஒன்றுதான். 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில் மறுபடியும் இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது. ஆகவே டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 19

அம்மாவின் கணக்குக்கு வருகிறேன். தள்ளிக்கொண்டே போய்விட்டது.

வானத்தில் இருக்கும் நேரம் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். அது சிக்கலே இல்லை. சிக்கல் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். திருச்சி புது முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. பெரியது, குளிர்ச்சியானது, ஆனால் நடை அதிகம். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பலாலி சின்ன இடம், நடை குறைவு. அங்கே குடிவரவு வரிசையில் நிற்பதும் பெட்டிக்குக் காத்திருப்பதும்தான் நேரத்தை எடுக்கும். வெளியே வந்தால் யாழ் நகரம் பதினாறு கிலோமீட்டர் அளவில்.

மொத்தத்தில் வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சாப்பாடும் மருந்தும் அந்த ஆறு மணி நேரத்துக்குத் திட்டமிட வேண்டியவை. இன்சுலின் என்றால் கைப்பையில் வையுங்கள், மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. சாப்பாட்டை விமானத்தில் எதிர்பார்க்க வேண்டாம். வண்டி தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வருவதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும்.

ஏப்ரல் 20

"40 நிமிடப் பறப்புக்கு ஆறு மணி நேரமா? அதற்குக் கப்பலிலேயே போகலாம்."

போகலாம். கப்பலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து, பலாலிக்குப் பக்கத்தில் இருக்கும் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம் அளவில். ஆனால் திருச்சிக்காரருக்கு நாகைக்குப் போகவே மூன்று மூன்றரை மணி நேரம். அங்கும் குடிவரவு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் பொங்கினால் ஓடாது. நாகை, காரைக்கால், திருவாரூர் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் நல்லது. திருச்சி, கரூர், நாமக்கல் ஆட்களுக்கு விமானம். இரண்டும் ஓட வேண்டும். ஒன்று நின்ற நாளில் மற்றது கை கொடுக்கும்.

ஏப்ரல் 27

ஆறு மணி நேரத்தை அதிகம் என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். படிக்கத் திருச்சிக்கு வந்து, வேலை, குடும்பம் என்று இங்கேயே ஆகிவிட்டது. பலாலி பூட்டிக் கிடந்த காலத்தில் ஊருக்குப் போவது எப்படி என்றால், திருச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானம். நேர்கோட்டில் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி வடக்கே 350 கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் வர வேண்டும். நீர்கொழும்பில் இரவு பஸ்ஸுக்கு நின்று, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி. போக வேண்டிய தூரம் 184. போன தூரம் அதைப் போல நான்கு மடங்கு.

அம்மம்மா இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்ததில் ஏறி, இரவு பஸ் பிடித்து, விடியப் போய் இறங்கியபோது காடாத்தும் முடிந்திருந்தது. மாமா வாசலில் நின்று, "எட்டுச் செலவுக்காவது நிண்டிட்டுப் போ" என்றார். எட்டாம் நாள் சடங்கைச் சொன்னார். நின்றேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இன்றைக்கு அதே செய்தி காலை எட்டு மணிக்கு வந்தால், விமானம் உள்ள நாளாக இருந்து இடமும் கிடைத்தால், பொழுது சாய்வதற்குள் உரும்பிராயில் இருக்கலாம். முகத்தைப் பார்க்கலாம். எனக்கு இந்த வழித்தடத்தின் பயண நேரம் என்பது இதுதான். 22ஆ 44ஆ என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஏப்ரல் 28

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் தங்கள் வீட்டுக் கதைகளை எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

ஒருவர் சொன்னதை இங்கே எடுத்து வைக்க வேண்டும்: இந்த விமானச் சேவை புதிது இல்லை, பழையது திரும்பி வந்திருக்கிறது என்கிறார். உண்மை. இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அன்று பலாலியைக் காங்கேசன்துறை நிலையம் என்றுதான் சொல்வார்கள். டகோட்டா விமானம். ஓடுபாதையே இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கி, சீலை எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கையில் காசு குறைந்தவர்களுக்குத் தலைமன்னார் கப்பலும் தனுஷ்கோடி ரயிலும் இருந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. பிறகு போர் வந்து விமானமும் போயிற்று.

2019 அக்டோபர் 17 அன்று பலாலியைச் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இரண்டாவது நிறுவனம் சென்னையிலிருந்து வந்தது. அதன் திருச்சிச் சேவை 2025 மார்ச் 30இல் தொடங்கியது. இப்படி நின்று நின்று வந்த வழி என்பதால்தான் எனக்குப் பதற்றம். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுவது இப்படிச் சின்ன வழித்தடங்களைத்தான். போக வேண்டியிருப்பவர்கள் இதில் போங்கள். இடங்கள் நிரம்பினால்தான் இது நிற்காது.

மே 6

"ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும், கட்டணம் குறையும். ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?"

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் நம் ஆட்கள் நேராக இறங்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நீட்டுவது எந்த நிலத்தில் என்று கேட்க வேண்டும். பலாலி, வசாவிளான், மயிலிட்டி பக்கத்துச் சனங்கள் 1990இல் வீட்டை விட்டு எழும்பியவர்கள். பலருக்கு இன்னும் காணி திரும்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தன் கிணறு தெரியும், போக முடியாது. இந்த 184 கிலோமீட்டருக்கு இப்போதுள்ள பாதையும் இப்போதுள்ள விமானமும் போதும். காணிக்காரர்களோடு பேசி, உரியதைக் கொடுத்து, அவர்கள் சம்மதித்த பிறகு நீட்டட்டும். அதற்கு முன்னால் வேண்டாம்.

இதில் என்னோடு சண்டை போட இரண்டு பேர் காத்திருப்பது தெரியும். போடுங்கள்.

மே 8

போட்டார்கள். என் கருத்து மாறவில்லை.

மே 21

கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திருச்சி விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் இலங்கை அகதிகள் முகாம் அது. "எங்கட வீட்டு முற்றத்தில் நின்றால் யாழ்ப்பாண விமானம் ஏறுவது தெரியும் அண்ணா. எங்களுக்கு அது எத்தனை நிமிடம்?"

இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். தம்பி, விமானத்தின் நிமிடம் எல்லாருக்கும் ஒன்றுதான். உங்களுக்கு அதற்கு முன்னால் இலங்கைத் துணைத் தூதரகத்தின் பயண ஆவணம், இங்கிருந்து வெளியேறும் அனுமதி என்று ஒரு வரிசை நிற்கிறது, அது மாதக் கணக்கில் போகலாம். முகாமில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது என்றால் இன்னும் சிக்கல். நேர்கோட்டில் 184 கிலோமீட்டரில் இருக்கும் இரண்டு இடங்களை இதைவிடத் தூரமாக்க முடியாது. இதைச் சுருக்குவது இரண்டு அரசுகளாலும் முடிகிற காரியம். பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்த விமானத்தைக் கொண்டாடும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஜூன் 3

"மதுரையிலிருந்து விட்டால்?" மதுரை – பலாலி 217 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் கிழக்கு. பறக்கும் நேரம் நான்கு நிமிடம் கூடும். தெற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு வசதிதான். சென்னை – பலாலி 355 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் தெற்கு. அதற்கு டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போடுகிறார்கள். இதைப் பாருங்கள்: திருச்சியை விடத் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, டிக்கெட் நேரம் கால் மணிதான் கூடுதல். தரையில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் எங்கே போனாலும் மாறாது.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. ஏப்ரலில் எழுதிய கணக்கில் காற்றைச் சேர்க்கவில்லை, இப்போது சேர்க்கிறேன்.

போன வாரம் ஊருக்குப் போய் வந்தேன். போகும்போது ஒரு சுற்று, இறங்கும்போது ஒரு சுற்று. பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா, "இது ஏன் திருச்சியையே சுத்துது?" என்று கேட்டார். காரணம் இருக்கிறது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் எதிர்காற்றில் ஏற வேண்டும், எதிர்காற்றில் இறங்க வேண்டும். அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும்போது, மேற்குப் பார்த்து ஏறிவிட்டுத்தான் தென்கிழக்கே திரும்ப வேண்டும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது. தென்மேற்குக் காற்றில் இறங்க வேண்டுமானால் நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு திருப்பத்திலும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் போய்விடும்.

மார்கழியில் இதற்கு நேர்மாறு. வாடைக்காற்றில் கிழக்குப் பார்த்து ஏறினால் கிட்டத்தட்ட போகும் திசைதான். பலாலியில் தீவுகளின் மேலாக வந்து நேராக இறங்கலாம்.

நடுவழியிலும் காற்று உண்டு. மேற்கிலிருந்து மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் அடித்தால், தென்கிழக்கே போகும் விமானத்துக்கு அதில் 20தான் கை கொடுக்கும். போகும்போது 295 வேகம், 99 கடல் மைலுக்கு 20 நிமிடம். திரும்பும்போது 255 வேகம், 23 நிமிடம். போவதை விட வருவது கூடுதல் நேரம் ஏன் என்று கேட்டவருக்கு இது பதில்.

டிக்கெட்டில் அந்தத் தாராளத்தை ஏன் வைக்கிறார்கள் என்பதும் இதில் விளங்கும். ஒரே அட்டவணை ஆடிக்கும் மார்கழிக்கும் பொருந்த வேண்டும். காற்று ஒத்துழைத்த நாளில் பத்து நிமிடம் முன்னாலேயே இறங்கிவிடுவார்கள், அறிவிப்பில் பெருமையாகவும் சொல்வார்கள்.

ஜூலை 22

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டாராம். வீட்டிலிருந்து சுன்னாகத்துச் சித்தி வீடு வரை ஆறே கால் மணி நேரம், அதில் அரை மணி பெட்டிக்குக் காத்திருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிக்க மகிழ்ச்சி.

கார்த்திகையில் மறுபடி போகிறார்களாம், எந்தப் பக்கம் ஜன்னல் கேட்பது என்கிறார். போகும்போது வலப்பக்கம் எடுங்கள். இறங்கும் முன்னால் காரைநகர், ஊர்காவற்றுறைத் தீவுகள் அந்தப் பக்கம் தெரியும். இடப்பக்கம் கோடியக்கரை முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும், வானம் தெளிந்த நாளில்தான் தெரியும். கார்த்திகை மழை மாதம், ஆகவே வலப்பக்கமே எடுங்கள். இறக்கைக்குக் கீழே இடம் கேட்டாலும் பரவாயில்லை, ஏ.டி.ஆருக்கு இறக்கை கூரையின் மேல் இருப்பதால் ஜன்னலை மறைக்காது.